டீசி வாங்காத நைனா

1

நான்கு வருடங்களாக இந்த ஊரில் எந்தக் காகிதத்திலும் நான் பிழை விட்டதில்லை. முகவரிப் பதிவு, வருமான வரி, மருத்துவக் காப்பீடு, எந்தக் கிழமையில் எந்த நிறத் தொட்டியில் குப்பை போட வேண்டும் என்ற அட்டவணை வரை எல்லாவற்றையும் சரியாக வைத்திருப்பவள் நான். போன செவ்வாய்க்கிழமை காலை, வெளிநாட்டவர் அலுவலகத்தில், ஒரே ஒரு சொல்லில் தவறினேன்.

ஜெர்மனியின் தெற்கே ஆற்றோரமாக இருக்கும் சின்ன ஊர் இது. இயந்திரங்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பொறியாளராக இருக்கிறேன். நான் இங்கே தங்குவதற்கான அனுமதி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டித்துத் தரும்படி விண்ணப்பித்திருந்தேன். அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். என் மதிப்பெண் பட்டியல்களை மேசைமேல் சீட்டுக் கட்டைப் போல வரிசையாகப் பரப்பினார்.

"இது நான்கு வருடப் படிப்பு. உங்களுக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது?"

முதல் முறை அனுமதி கொடுத்தபோது வேறொரு அதிகாரி இருந்தார். அவர் இதைக் கேட்கவில்லை. இருந்தாலும் எனக்குப் பயமில்லை. ஜெர்மன் மொழியில் நேராகப் பதில் சொன்னேன். நடுவில் இரண்டு வருடம் படிப்பை நிறுத்தி வைத்திருந்தேன் என்பது என் நினைப்பு. வாயில் வந்த சொல் 'அப்கெப்ரோஹன்'.

தட்டச்சு செய்துகொண்டிருந்த அவருடைய விரல்கள் நின்றன. என்னைப் பார்த்தார். பட்டச் சான்றிதழைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை அப்படியே கணினியில் அடித்தார்.

"அப்படியானால் இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று நாங்கள் விசாரிக்க வேண்டியிருக்கும். இந்த விண்ணப்பத்தை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வது நல்லது. எல்லாச் சான்றுகளோடும் புதிதாகக் கொடுங்கள்." ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "இங்கே கையெழுத்து."

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். கை தாள்வரை போய்விட்டது. ஏனோ அந்த இடத்தில் நின்றது.

"வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கினார். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மறுபடி வரச் சொன்னார்.

2

மதியம் வேலைக்குப் போனதும் பக்கத்து மேசை மோனிகாவிடம் சொன்னேன். முப்பது வருடமாக அங்கே ஒயர் சோதிப்பவள். நான் சொன்ன வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தச் சொல்லையா சொன்னாய்? மரக்கிளையை ஒடித்துப் போடுவார்களே, அதுதான் அது. ஒடித்தது ஒடித்ததுதான். நீ பட்டமே வாங்கவில்லை என்றல்லவா அர்த்தம்! நீ சொல்லியிருக்க வேண்டியது 'உன்டர்ப்ரோஹன்'. ஒருவர் பேசும்போது நடுவில் குறுக்கிட்டால் அவர் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்வாரே, அது."

அந்தச் சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. மொழி வகுப்பில் இரண்டையும் ஒரே நாளில்தான் படித்தேன். ஆனால் 'உன்டர்' என்றால் கீழே. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து மணியோசையை உள்ளேயிருந்து கேட்ட முதல் ஆள் நான். என் படிப்பைப் பற்றிப் பேசும்போது கீழே என்று தொடங்கும் ஒரு சொல்லை எடுக்க மனம் ஒப்பவில்லை. நன்றாக ஒலிக்கிற மற்றதை எடுத்துக்கொண்டேன்.

"நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை" என்றாள் மோனிகா. "விண்ணப்பம் அவர்களிடம் இருக்கும்வரை நீ இங்கே இருக்கலாம். திரும்பப் பெற்றுவிட்டால் மாதக் கடைசியில் கிளம்ப வேண்டியதுதான். உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

சோதனை மேசைக்குத் திரும்பினேன். அன்று இரண்டு கட்டுகளைத் தவறாகத் தேறியதாகக் குறித்து, பிறகு திருத்தினேன். காதுக்குள் வேறொரு சொல் ஓடிக்கொண்டிருந்தது. இதே தவறை எனக்கு முன்னால் ஒருவர் செய்திருக்கிறார். அதற்காக நான் அவரைச் சொன்ன சொல்லை இன்றுவரை திரும்பப் பெறவில்லை.

3

எங்கள் ஊர் ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. அதனால் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவின் அப்பா அடுத்தவர் நெல் வயலில் கூலி வேலை செய்தவர். நைனா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் காண்ட்ராக்ட் ஆள். அவருக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் தன் பெயர் மட்டும்தான். அதுவும் நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கற்றுக்கொடுத்தது. கடைசி எழுத்தை முடித்ததும் கட்டை விரலை அதன்மேல் ஒருமுறை அழுத்துவார். பழைய பழக்கம் போகவில்லை. அதனால் அவர் கையெழுத்தில் எப்போதும் ஒரு மசித் தீற்றல் இருக்கும்.

திருவள்ளூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் மூன்றாம் வருடம். ஐந்தாம் செமஸ்டர் பரீட்சை முடிந்த வாரம், சிவக்கக் காய்ந்த கம்பி ஒன்று தடம் மாறிப் பாய்ந்து நைனாவின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தாள். தங்கை பத்தாவது. சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. நானே முடிவு செய்தேன். தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தேன். வகுப்புத் தோழிகளிடம் அம்மை போட்டிருக்கிறது என்று பொய் சொன்னேன்.

கல்லூரியிலிருந்து, பெற்றோர் கையெழுத்தோடு கடிதம் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஷிஃப்ட். கால் கொஞ்சம் ஆறிய பிறகு நைனாவே கும்மிடிப்பூண்டி ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து வாங்கி, கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்தார்.

"இன்னா நைனா எழுதனாங்க?" என்று கேட்டேன்.

"நீ திரும்பி வர்றேன்னு எழுதிகீது. நான் கையெழுத்துப் போட்டு குட்த்துட்டேன். நீ போய் டூட்டியப் பாரு."

நானும் படித்துப் பார்க்கவில்லை. அதுதான் தவறு. இரண்டு வருடத்திற்கு அது எங்களுக்குத் தெரியாது.

4

நைனாவுக்கு ஆலையிலேயே கேட்டில் காவலுக்கு உட்காரும் வேலை கிடைத்ததும் திரும்பிப் படிக்கப் போவதாகச் சொன்னேன். மறுசேர்க்கைக்குப் பல்கலைக்கழகம் ஒரு கடைசி நாள் வைத்திருந்தது. அதைத் தாண்டினால் என்னுடைய ஐந்து செமஸ்டரும் வெறும் தாள். நாங்கள் போய் நின்ற அன்றைக்கு மறுநாள் சாயங்காலத்தோடு அந்தக் கெடு முடிகிறது.

அலுவலகத்தில் இருந்த மேடம் என் கோப்பைப் பிரித்து, ஒரு தாளை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ஏம்மா, டிஸ்கண்டினியூன்னு உங்க அப்பாவே எழுதிக் குடுத்துருக்காரு. கையெழுத்தும் போட்டுருக்காரு. இப்ப வந்து சேத்துக்கோன்னா எப்டி?"

கையெழுத்தின் முடிவில் மசித் தீற்றல் இருந்தது.

"பிரேக்குதான் மேடம். தப்பா டைப் பண்ணிட்டாங்க."

"பிரேக்குன்னா வேற ஃபார்ம், டிஸ்கண்டினியூன்னா வேற ஃபார்ம். விட்டது விட்டதுதான்."

நைனா ஒரு காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னாம்மா பேசற? ட்ரெயின் ஸ்டேஷன்ல நிக்குது. நின்னுட்ச்சேன்னு இன்ஜின கழட்டிகினு பூடுவியா நீ?"

உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. "சார், பிரின்ஸிபால் இன்னிக்கு இல்ல. நாளைக்கு நாலு மணிக்குள்ள வேற எதுனா ப்ரூஃப் இருந்தா எடுத்துட்டு வாங்க. இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, சென்னைக்குப் போய் வண்டி மாறி, வடக்கே திரும்பினோம். அத்திப்பட்டு தாண்டியதும் சிக்னலுக்காக வண்டி நின்றது. மோட்டார் ஓசை அடங்கியது. பெட்டியில் எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் அனல் மின்நிலையத்தின் புகை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"டைப் அடிச்சவரு உன்னக் கேக்கவே இல்லியா நைனா, பிரேக்கான்னு?"

"கேட்டாரு. பிரேக்கா டிஸ்கண்டினியூவான்னு ரெண்டையும் சொன்னாரு. நான்தான் பிரேக்கு வோணான்னேன்."

"ஏன்?"

"பிரேக்குன்னா நல்ல வார்த்தையா அது? எட்டு மாசம் ஆவறதுக்குள்ள பிரேக் குட்த்து தொரத்தறானுங்களே, பர்மனெண்ட் ஆவக் கூடாதுன்னு? என்னிய எத்தினி வாட்டி தொரத்தினானுங்க? எம் பொண்ணு படிப்புக்குப் போயி அந்த வார்த்தைய எழுதுவனா? இன்னொண்ணுல கண்டினியூன்னு வந்திச்சி. மில்லுல ஒரு ஷிஃப்ட் முடிச்சிட்டு அட்த்த ஷிஃப்டும் பாத்தா கண்டினியூன்னுதான சொல்லுவாங்க? அதான், அதப் போடுன்னேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னையும் அந்த ஒயர் கம்பெனி இரண்டு முறை பிரேக் என்று வீட்டுக்கு அனுப்பி, பத்து நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்திருக்கிறது. அவர் சொன்னது அத்தனையும் எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உன்ன மாரி தற்குறி கையில குட்த்தேன் பாரு, என் புத்தியச் சொல்லணும்" என்றேன்.

எதிர் சீட்டில் கம்பெனி யூனிஃபார்மில் இருந்த இரண்டு பேரும் போனிலிருந்து தலை தூக்கினார்கள். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வண்டி நகர்ந்தது. ஆரம்பாக்கம் வரும்வரை அவர் திரும்பவில்லை.

5

மறுநாள் காலை நான் எழுந்தபோது நைனா துவைத்த யூனிஃபார்ம் சட்டை போட்டு, ஆலையின் கேட் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக இருந்தார்.

"எங்க போற?"

"காலேஜுக்கு. அந்த அம்மா ப்ரூஃபு கேட்டுச்சி இல்ல?"

"நம்மகிட்ட இன்னா ப்ரூஃபு கீது?"

"நம்மகிட்ட இல்ல. அவங்ககிட்ட கீது. வா."

நான் நம்பவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து நாலு மணி ஆவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் தைரியமில்லை. போனோம். செவ்வாப்பேட்டையில் ஷேர் ஆட்டோ நிரம்புவதற்குக் காத்திருந்ததில் அரைமணி நேரம் போனது. கல்லூரிக்குள் நுழையும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

"மேடம், டீசி நான் வாங்கல" என்றார் நைனா. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"டீசி அன்னிக்கே ரெடி சார். நீங்கதான் வந்து வாங்கிக்கல."

"வந்தேன். இதே எடத்துலதான் நின்னுகினு இருந்தேன். நீ நோட்ட எட்த்து நீட்டின, கையெழுத்துப் போட்டு டீசி வாங்கினு போன்னு. நான் போடாம பூட்டேன். நோட்டப் பாரு."

மேடம் அவரை முறைத்துவிட்டு, பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். என் பெயர் இருந்தது. தேதி இருந்தது. கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. கோப்பின் அடியிலேயே அந்த மாற்றுச் சான்றிதழ் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"ஏன் சார் வாங்காம போனீங்க?"

நைனா கழுத்திலிருந்த கேட் பாஸைத் தூக்கிக் காட்டினார். "மில்லுல தொரத்தும்போது இத்தத் திருப்பிக் கேப்பானுங்க. கணக்கு முடிச்சாச்சின்னு ஒரு காயிதம் குட்த்து, கையெழுத்துப் போடுன்னுவானுங்க. போட்டவன் எவனும் திரும்பி உள்ள வந்தது இல்ல. போடாம, பாஸையும் குடுக்காம, மறுநாளு கேட்டுல போய் நிக்கறவன்தான் உள்ள போவான். எனக்குத் தெரிஞ்ச படிப்பு அவ்ளோதாம்மா."

மேடம் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு முதல்வர் அறைக்குள் போனார். கதவு மூடியது. சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்த்த மாதிரி யாரும் எந்தக் கடிகாரத்தையும் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றே கால் ஆனது. மூன்றரை ஆனது. நாளெல்லாம் கேட்டில் உட்காரும் நைனா, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

மேடம் வெளியே வந்தார். "டீசி போகலன்னா பேரு இன்னும் காலேஜ் ரோல்லதான் இருக்கு. புதுசா ஒரு லெட்டர் எழுதுங்க. இந்த வாட்டி நீயே எழுதுமா. பிரேக் ஆஃப் ஸ்டடின்னு தெளிவா எழுது. அப்பா கையெழுத்து."

எழுதினேன். பிழை விழுந்ததால் ஒரு தாளைக் கிழித்துப்போட்டு இன்னொன்று எழுதினேன். நைனாவிடம் நீட்டினேன்.

"இதுல பிரேக்குன்னா எழுதிகிற?"

"ஆமா நைனா."

"கெட்ட வார்த்தைதான்," என்று முனகினார். "செரி, குடு." தன் பெயரை எழுதி, கட்டை விரலை அழுத்தினார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் கோப்பு பல்கலைக்கழகத்துக்குப் போகும் தபால் பைக்குள் போனது. என்னைவிட இரண்டு வயது சின்னவர்கள் அக்கா, அக்கா என்று கூப்பிட, கடைசி மூன்று செமஸ்டரையும் முடித்தேன். பட்டம் வாங்கிய அன்று நைனா காலில் விழுந்தேன். அந்த ரயிலில் சொன்னதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

6

என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட உத்தரவு பல்கலைக்கழக முத்திரையோடு ஊரில் பீரோவில் இருக்கிறது. அதில் பிரேக் ஆஃப் ஸ்டடி என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். வெள்ளிக்கிழமைக்கு அதன் நகல் வேண்டும். வியாழன் காலை, வேலைக்குப் போவதற்கு முன்னால், வீடியோவில் கூப்பிட்டேன். ஊரில் அப்போது மதியம். அம்மா கேன்டீன் வேலைக்கும் தங்கை ஷிஃப்டுக்கும் போயிருந்தார்கள். நைனா மட்டும் இருந்தார்.

"பீரோவில் நீல நிறக் கோப்பு இருக்கும், அதை எடுங்கள்" என்றேன்.

"இன்னா பாப்பா, டிவில நியூஸ் வாசிக்கற மாரி பேசற? கோப்புன்னா இன்னா?"

எனக்கே திடுக்கென்றது. இங்கே தமிழ் பேச ஆளில்லை. எழுதுவதும் படிப்பதும் மட்டும்தான். பேச்சும் அப்படியே ஆகிவிட்டிருக்கிறது. "ஃபைலு நைனா. ப்ளூ கலரு ஃபைலு" என்றேன்.

எடுத்தார். ஒவ்வொரு தாளாக கேமரா முன்னால் பிடித்தார்.

"தலகீழா புடிக்கிற நைனா."

"எந்தப் பக்கம் தலைன்னு காயிதத்துக்கு மூஞ்சியா கீது?"

சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், தங்கையின் மார்க் ஷீட் எல்லாம் வந்துபோயின. என் பஸ் வர ஆறு நிமிடம். "ரவுண்டு சீலு இருக்கும் நைனா, கீழ" என்றேன். ரவுண்டு சீல் நான்கு தாளில் இருந்தது. நான்கும் அது இல்லை. எனக்குக் குரல் உயரத் தொடங்கியது. அன்று ரயிலில் உயர்ந்த அதே குரல். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இரு இரு," என்றார். "அந்தக் காயிதத்தோட நான் கையெழுத்துப் போட்ட லெட்டரையும் பின்னு போட்டு குட்த்தாங்க இல்ல? எங் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" நான்கைந்து தாள்களை வேகமாகத் தள்ளினார். பிறகு ஒன்றைத் தூக்கினார். முதலில் தெரிந்தது மசித் தீற்றல். அதற்குப் பின்னால் இருந்தது உத்தரவு.

அவருக்குப் படமெடுத்து அனுப்பத் தெரியாது. ஆடாமல் பிடிக்கச் சொல்லி நான் இங்கிருந்தே எடுத்துக்கொண்டேன். இங்கே ஆபீஸில் நடந்ததையும் சுருக்கமாகச் சொன்னேன். போனை வைக்கும்போது கேட்டார். "அவங்ககிட்ட எதுனா திருப்பிக் குட்த்தியா? கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல நைனா."

"அப்ப ஒண்ணும் ஆவல. நாளைக்குப் போயி கேட்டுல நில்லு."

வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கே போய் நின்றேன். அந்த அதிகாரியிடம் 'உன்டர்ப்ரோஹன்' என்ற சொல்லை முதலில் வைத்தேன். பிறகு நகலை வைத்தேன். அவர் ஆங்கில வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அசலை வரவழைத்துத் தர ஆறு வாரம் கொடுத்தார். கணினியில் பழைய சொல்லை அழித்துவிட்டுப் புதியதை அடித்தார். அதுவரை தங்கி வேலை செய்யலாம் என்ற தாளில் முத்திரை குத்தினார். கையெழுத்திடாத தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதை வாங்கிக் கிழித்துக் கூடையில் போட்டார்.

பஸ் நிறுத்தத்திலிருந்தே நைனாவைக் கூப்பிட்டேன். அவர் ஆலையின் கேட்டில் இருந்தார். பின்னால் லாரிகளின் ஹாரன்.

"இன்னாச்சி?"

"குட்த்துட்டாங்க நைனா. அந்தக் காயிதத்த மட்டும் தபால்ல அனுப்பணும்."

"இன்னிக்கே அனுப்பறேன்."

அவர் வைக்கப்போனார். "நைனா," என்றேன். "அன்னிக்கு ட்ரெயின்ல உன்னத் தற்குறின்னு சொன்னேன்."

ஒரு லாரி உள்ளே போகும் ஓசை கேட்டது. கேட்டை இழுத்துச் சாத்தும் ஓசை கேட்டது.

"சொன்னியா? ட்ரெயின் சத்தத்துல ஒண்ணும் காதுல வுய்லம்மா."

"வண்டி நின்னுகினு இருந்திச்சி நைனா. சத்தமே இல்ல."

"நின்னா இன்னா?" என்றார். "அப்பறம் போச்சி இல்ல?"